வெந்நீரில் போடாத சேலை

மாசி 5, செவ்வாய்

டாக்டரம்மா எழுதச் சொன்னாங்க, அதான் எழுதுறேன். நான் அஞ்சாவதோட நின்னவ. பேனாவைப் பிடிச்சா எழுத்து அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. "தப்பா எழுதினாலும் பரவாயில்ல, எதையும் விட்டுட்டு மட்டும் எழுதாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

பையன் பேர் மித்ரன். ரெண்டு வயசு. என் தங்கச்சி கவுமாரி பெத்த பிள்ளை. அவ இல்ல. வர்ற பங்குனியில வருசம் திரும்புது. நான் பெரியம்மா, சுருளியம்மாள். பிள்ளை என்கிட்டதான் இருக்கான்.

இது சளி இல்லையாம், ஒவ்வாமையாம். மாசி பிறந்தா நம்ம பக்கம் இலவங்காய் வெடிச்சுப் பஞ்சு பறக்குது, பூத்தூளும் காத்துல கலந்து வருது, சின்னப் பிள்ளை மூச்சுக்குழாய் தாங்கலன்னு சொன்னாங்க. எப்ப தும்முறான், எப்ப கண்ணைக் கசக்குறான், எப்ப நெஞ்சு இளைக்குது, அதுக்கு முந்தி எங்க இருந்தான், எது மேல படுத்தான், எல்லாம் எழுதணும்.

இன்னைக்கு: காலையில எந்திரிச்சதும் வரிசையாத் தும்மல். உள்ளங்கையால மூக்கை மேல பார்த்துத் தள்ளித் தள்ளித் தேய்க்கிறான். கண் செவப்பு. பால்வாடியில கஞ்சி குடிச்சான், அங்க ஒண்ணும் இல்லன்னு ஆயா சொல்லுச்சு. வீட்டுக்கு வந்து தொட்டில்ல ஒரு தூக்கம். எந்திரிச்சப்ப நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம்.

வேற ஒண்ணும் இல்ல. பழைய தொட்டில் துணி கிழிஞ்சுபோச்சுன்னு போன வாரம் வேற சேலை கட்டினேன். அதுல நல்லாத் தூங்குறான்.


மாசி 7, வியாழன்

வேலைக்குப் போயிட்டு வந்தா தலையோட குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் பிள்ளையைத் தூக்கணுமாம். நான் வேலை பார்க்கிறது இலவம்பஞ்சுக் கொட்டகையில. காய் உடைச்சு, பஞ்சை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்கணும். தலைக்கு ஒரு துண்டு, மூக்குக்கு ஒரு துண்டு கட்டிக்குவோம். அப்படியும் சாயங்காலம் புருவமெல்லாம் நரைச்ச மாதிரி நிக்கும்.

பால்வாடி வாசல்ல என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தூக்கிட்டு ஓடி வந்தான். தூக்கல. பின்னால போனேன். அவனும் வந்தான். நான் இன்னும் பின்னால போனேன். விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சான். அப்புறம் இல்லன்னு புரிஞ்சதும் ரோட்டுலயே உட்கார்ந்துக்கிட்டான்.

ஒரு குச்சியை ஒடிச்சு ஒரு முனையை அவன் கையில குடுத்து, மறு முனையை நான் பிடிச்சுக்கிட்டுக் கூட்டியாந்தேன். கூட வேலை பார்க்கிற அன்னக்கொடி அக்கா பின்னாலயே வந்துச்சு. பக்கத்து வீடுதான்.

"ஏத்தா சுருளி, பிள்ளையைக் கூட்டிட்டுப் போறியா, கன்னுக்குட்டியை ஓட்டிட்டுப் போறியா?"

"டாக்டரம்மா சொல்லியிருக்காக்கா."

"ஆமா, நான் பெத்ததெல்லாம் பஞ்சுக்குள்ளயேதான் புரண்டு வளர்ந்துச்சு. அப்ப எங்க போனாளாம் உங்க டாக்டரம்மா?"

நான் குளிக்கிற வரைக்கும் மித்ரன் தகரக் கதவைத் தட்டித் தட்டி, "பெம்மா, பெம்மா"ன்னு அழுதுக்கிட்டே இருந்தான். பெரியம்மான்னு சொல்ல வராது அவனுக்கு. தலைமுடியில தண்ணி சொட்டச் சொட்ட வந்து தூக்கினேன்.

மூக்கு ஒழுகல் இருக்கு. வெள்ளன எந்திரிக்கிறப்ப இளைப்பு இருக்கு.


மாசி 10, ஞாயிறு

பால்பாண்டித் தம்பி வந்தார். கவுமாரி வீட்டுக்காரர். ஏலக்காய்த் தோட்டத்து ஆளுகளை மலைக்கு ஏத்திட்டுப் போற ஜீப்பை ஓட்டுறார். வெள்ளன வண்டி எடுக்கணும்னு போடியிலயே ரூம்ல தங்கிக்கிட்டார். ஞாயித்துக்கிழமை மகனைப் பார்க்க வருவார். அவ போனதுல இருந்து வீட்டுக்குள்ள உட்கார மாட்டார். வாசப்படியிலயே உட்கார்ந்து, ஆரஞ்சுப்பழம் உரிச்சுக் குடுத்துட்டுப் போயிருவார்.

பிள்ளை மூச்சு விடுறதையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"மதினி, வயிறு உள்ள போய் உள்ள போய் வருதே."

"சாயங்காலமானா கொறைஞ்சிரும் தம்பி."

"கம்பத்துல எங்க அக்கா கூப்பிடுது. அங்க பஞ்சு வாடையே கெடையாது. திராட்சைத் தோட்டந்தான். கொஞ்ச நாள் அங்க இருக்கட்டுமே. ஒத்துக்கிச்சுன்னா..."

ஒத்துக்கிச்சுன்னா என்னன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அந்த அக்காவுக்கு மூணும் பொம்பளைப் பிள்ளைக. ஆம்பளைப் பிள்ளைக்கு ஆசை. போனா வரமாட்டான்.

"மருந்து இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் தம்பி"ன்னேன்.

"சரி, நீங்க சொன்னாச் சரிதான்"ன்னுட்டுப் போனார். அவர் நல்ல மனுசன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

இந்த நோட்டை டாக்டரம்மா படிப்பாங்க. இதெல்லாம் எழுதக் கூடாது. ஆனா எழுதினா மனசு லேசாகுது. ஆஸ்பத்திரிக்குன்னு தனியா ஒரு தாள்ல எழுதிக்கிறேன். இது எனக்கு.


மாசி 12, செவ்வாய்

இன்னைக்கு வேலைக்குப் போகல. டாக்டரம்மா சொன்னபடி எல்லாம் செஞ்சேன். அண்டாவுல தண்ணி கொதிக்க வச்சு, போர்வை, தலகாணி உறை, பாய் மேல விரிக்கிற துணி, அவன் சட்டை டவுசர், என் சேலை எல்லாத்தையும் முக்கி எடுத்துத் துவைச்சேன். வெளிக் கொடியில காயப்போட்டா காத்துல வர்ற தூளு ஒட்டுமாம். அதனால வீட்டுக்குள்ளயே கயிறு கட்டிக் காயப்போட்டேன். வெளக்கமாத்தைத் தொடல. கூட்டினா தூசி எந்திரிக்கும். ஈரத்துணி வச்சுத் துடைச்சேன். கொசுவத்தி, சாம்பிராணி எல்லாத்தையும் எடுத்து அன்னக்கொடி அக்காகிட்டக் குடுத்துட்டேன்.

"தலைக்கு ஊத்திட்டுச் சாம்பிராணி காட்டலன்னா நீர் கோத்துக்கும்டீ. இது கூடவா தெரியாது?"ன்னு திட்டிக்கிட்டே வாங்கிக்கிச்சு.

இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. எல்லாம் துவைச்சாச்சு.

தொட்டில் சேலை மட்டும் இருக்கு. அது அழுக்கா இல்ல. நான் மோந்து பார்த்தேன்.


மாசி 16, சனி

டாக்டரம்மா குடுத்த மூச்சு மருந்துப் பம்ப்பைக் குடுக்கிறது பெரிய போராட்டம். ஒரு குழாய், அதுக்கு முன்னால மாஸ்க்கு. மூக்கும் வாயும் மூடுற மாதிரி வச்சு ஒரு அமுக்கு அமுக்கி, அவன் மூச்சு இழுக்கிற வரைக்கும் பிடிச்சிருக்கணும். முதல் நாள் என் கையைக் கடிச்சு வச்சுட்டான். இன்னைக்கு ஒரு யோசனை பண்ணேன். மாஸ்க்கை என் மூஞ்சியில வச்சு "ஆனை வருது, ஆனை வருது"ன்னு ஆடிக் காட்டினேன். சிரிச்சுட்டு அவனே கேட்டான். அப்புறம் அன்னக்கொடி அக்கா வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் வச்சுப் பார்க்கணும்னு ஒரே அடம்.

பம்ப் குடுத்தா குறையுது. தொட்டில்ல தூங்கி எந்திரிச்சா பழையபடி சத்தம்.

தூங்கினா எல்லாருக்கும் மூச்சு கொஞ்சம் மாறத்தான் செய்யும்.


மாசி 21, வியாழன்

விடியக்காலம் பிள்ளை பேச முடியாமத் திணறினான். அன்னக்கொடி அக்கா மகன் பைக்குல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூஞ்சியில மாஸ்க்கை மாட்டிப் புகை வச்சாங்க. கூட வந்த அக்கா நர்சுகிட்டயே கேட்டுருச்சு, "நாங்க வச்சா புகை ஆகாது, நீங்க வச்சா மட்டும் ஆகுமாக்கும்?" நர்சு சிரிச்சுட்டு, "இது மருந்துப் புகைம்மா, இதுல சாம்பிராணி இல்ல"ன்னாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. பிள்ளை மடியில இப்படிக் கெடக்கிறப்ப எப்படிச் சிரிச்சேன்னு தெரியல.

டாக்டரம்மா என் தாளைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"பால்வாடியில நல்லா இருக்கான். தெருவுல ஆட்டுக்குட்டி கூட விளையாடுறப்ப நல்லா இருக்கான். வீட்டுக்குள்ள வந்து தூங்கினாத்தான் கூடுது. படுக்கிற இடத்துல என்னமோ இருக்கும்மா. துணியெல்லாம் வெந்நீர்ல துவைச்சீங்களா?"

"ஆமாங்க."

"எல்லாமே?"

"எல்லாந்தாங்க."

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாங்க. நானும் அவங்க கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

எழுதிடுறேன். அது கவுமாரி சேலை. அரக்குல மஞ்சக் கரை போட்டது. போன பங்குனியில கொட்டகைக்குக் கட்டிட்டு வந்தா. என் பக்கத்துலதான் உட்கார்ந்து காய் உடைச்சா. மேல் காய்ச்சலா இருக்குக்கான்னு மத்தியானமே எந்திரிச்சுட்டா. வீட்டுக்கு வந்து சேலையையும் ஜாக்கெட்டையும் அவுத்துக் கயித்துல போட்டுட்டு, வேற கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. மஞ்சக்காமாலை முத்திப்போச்சுன்னாங்க. திரும்பி வரல. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அந்தச் சேலை அப்படியே கயித்துல கெடக்கு, இப்பத்தான் அவுத்துப் போட்டவ மாதிரி.

சேலையும் ஜாக்கெட்டும் மடிச்சு, பாலித்தீன் கவர்ல போட்டு, முடிச்சுப் போட்டு, என் தகரப் பெட்டிக்கு அடியில வச்சேன். யாருக்கும் சொல்லல. அப்பப்ப முடிச்சை அவுத்து மூஞ்சியை உள்ள விடுவேன். மஞ்சளு, வேர்வை, அவ தலைக்கு வைக்கிற எண்ணெய். உடனே திரும்பக் கட்டிருவேன், தீர்ந்துபோயிருமேன்னு.

பிள்ளைக்கு அம்மா முகமே நினைவில்ல. போட்டோவைக் காட்டினா என்னைக் காட்டி "பெம்மா"ங்குறான். வாசமாச்சும் தெரியட்டும்னுதான் தொட்டில் கட்டினேன். அதுல என்ன தப்பு.


மாசி 22, வெள்ளி

நல்ல சேலைதான் அது. தப்பு ஒண்ணும் இல்ல. காத்துல பறக்கிறதுதான் காரணம்.


மாசி 24, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போன சேதி பால்பாண்டித் தம்பிக்குத் தெரிஞ்சு வந்துட்டார். இன்னைக்கு வாசல்ல உட்காரல, நின்னுக்கிட்டே பேசினார்.

"கூட்டிட்டுப் போறேன் மதினி."

"மருந்து..."

"மருந்தெல்லாம் எடுத்து வைங்க. அக்காகிட்டச் சொல்லிக் குடுக்கிறேன். நீங்க நாள் பூரா பஞ்சுல கெடந்துட்டு வர்றீங்க. குளிச்சாலும் எங்கயாச்சும் ஒட்டித்தான் இருக்கும். உங்களைத் தப்பு சொல்லல. வேற வழியில்ல."

சட்டை, டவுசர், பம்ப், மூக்குக்கு விடுற உப்புத்தண்ணி மருந்து எல்லாம் எடுத்து வச்சேன். ஆனை வர்ற மாதிரி ஆடிக் காட்டினாத்தான் பம்ப் வாங்குவான்னு சொன்னேன். அவர் ஜீப்பு முன்னால நின்னு, தும்பிக்கை மாதிரி கையை ஆட்டிப் பார்த்தார். பார்க்கப் பாவமா இருந்துச்சு.

கடைசியா தொட்டில் சேலையை அவுத்து மடிச்சு மேல வச்சேன். அது இல்லாமப் பிள்ளை தூங்கமாட்டான். அதுக்குத்தான் வச்சேன். வேற எதுக்கும் இல்ல.

"இது..."ன்னு பார்த்தார்.

"தொட்டிலுக்கு"ன்னு சொல்லிப் பையை மூடிட்டேன்.

ஜீப்புல ஏறுற வரைக்கும் சிரிச்சான். வண்டி திரும்புறப்பத்தான் நான் ஏறலன்னு தெரிஞ்சுக்கிட்டான்.


மாசி 26, செவ்வாய்

டாக்டரம்மா பிள்ளையைப் பத்தித்தான் எழுதச் சொன்னாங்க. பிள்ளை இல்ல. எதை எழுத.

கொட்டகையில இருந்து வந்து குளிக்காம அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரைத் தூக்கப் போறேன்.


மாசி 29, வெள்ளி

பால்பாண்டித் தம்பி போன் பண்ணினார். கம்பத்துக்குப் போன அன்னைக்குப் பகல் பூரா ஓடியாடி விளையாடினானாம். தூங்கி எந்திரிச்சதும் இளைப்பு. மறுநாளும் அப்படியே. நேத்து அங்க ஆஸ்பத்திரியில சேர்த்து ரெண்டு தடவை புகை வச்சிருக்காங்க. அவர் அக்கா பயந்துபோச்சாம். "நான் மூணு பெத்தவ. இப்படி மூச்சு இழுத்து நான் பார்த்ததில்லப்பா. ஏதாச்சும் ஆயிட்டா நான் ஊருக்குப் பதில் சொல்ல முடியாது"ன்னு அழுதிருக்கு.

"பஞ்சே இல்லாத ஊர்ல எப்படி மதினி?"ன்னு கேட்டார்.

போன் காதுலயே இருந்துச்சு. "மதினி, லைன்ல இருக்கீங்களா?"ன்னு கேட்டார். "இருக்கேன் தம்பி"ன்னேன்.


பங்குனி 1, ஞாயிறு

கொண்டாந்துட்டார்.

பிள்ளை என்னைப் பார்த்ததும் ஓடி வரல. நின்னான். கையைத் தூக்கல. கீழ குனிஞ்சு ஒரு குச்சியை எடுத்து நீட்டினான். இன்னைக்கு லீவு, நான் குளிச்சிருந்தேன். ஓடிப்போய்த் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கிட்டான். முதுகு எலும்பு கையில தட்டுப்பட்டுச்சு.

பால்பாண்டித் தம்பி பையைக் கீழ வச்சுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். "மன்னிச்சிருங்க மதினி. உங்க வேலை மேலயும் வீட்டு மேலயும் பழியைப் போட்டுட்டேன். எங்க அக்காவே சொல்லிருச்சு, அந்தப் பொம்பளை அங்க எப்படிப் பார்த்துக்கிட்டாளோ, நம்மளால ஆகாதுன்னு. இனிமே இவன் இங்கதான். உங்களை விட்டா யாரு பார்ப்பா?"

அன்னக்கொடி அக்கா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தே, "அப்படிச் சொல்லுங்க மாப்ள! எங்க சுருளி கை ராசி யாருக்கு வரும்?"ன்னு சத்தம் போட்டுச்சு.

எனக்குக் கெடைச்சிருச்சு. ஆசைப்பட்டது கெடைச்சிருச்சு. அவருக்குக் காபி போட்டுக் குடுத்தேன். சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன்போல. ஒரு வார்த்தை சொல்லாமக் குடிச்சுட்டுப் போனார்.

தொட்டில் கட்டல. துவைச்ச துணியைப் பாயில விரிச்சுப் படுக்கப் போட்டேன். "தொட்டி, தொட்டி"ன்னு கொக்கியைக் காட்டி அழுதான். மடியில போட்டு ஆட்டி ஆட்டித்தான் தூங்க வச்சேன்.


பங்குனி 2, திங்கள்

எந்திரிச்சப்ப தும்மல் இருந்துச்சு. இளைப்பு இல்ல. நெஞ்சுல காதை வச்சுக் கேட்டேன். இல்ல.


பங்குனி 3, செவ்வாய்

இன்னைக்கும் இல்ல.

பையில இருந்து சேலையை எடுத்துட்டுப் பின்வாசலுக்குப் போனேன். வெயில்ல பிடிச்சு ஒரு உதறு உதறினேன். அப்படியே பறந்துச்சு. மடிப்புக்குள்ள இருந்து, கொசுவத்துக்குள்ள இருந்து, முந்தானை நுனியில இருந்து. போன வருசத்துப் பஞ்சு. பொடிப்பொடியா, புகை மாதிரி, தரையில விழாம நின்னுச்சு. எனக்கே இருமல் வந்துருச்சு. இதுக்குள்ளயா பிள்ளையைப் போட்டு நாலு பக்கமும் மூடி ஆட்டினேன்? தாலாட்டு வேற பாடினேன்.

தெரியாமச் செஞ்சேன்னு எழுத வந்தேன். எழுத வரல. டாக்டரம்மா "படுக்கிற இடத்துல என்னமோ இருக்கு"ன்னு சொன்னப்பவே எனக்கு எது ஞாபகம் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கம்பத்துக்குப் போற பையில மடிச்சு வைக்கிறப்ப என் மனசுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் தெரியல. தூங்கமாட்டானேன்னு நினைச்சது நெசம். அது ஒண்ணுதான் நெசமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அங்க போயும் இளைச்சுச்சுன்னு தம்பி போன்ல சொன்னப்ப முதல்ல பயம் வந்துச்சு. பயத்துக்கு அடியில இன்னொண்ணு வந்துச்சு. அதுக்குப் பேர் எழுதமாட்டேன்.

அண்டாவுல தண்ணி கொதிச்சுச்சு. சேலையை மூஞ்சியில வச்சுக் கடைசியா ஒரு தடவை இழுத்தேன். அதுலயும் பாதி பஞ்சு வாடைதான். அப்புறம் முக்கினேன். சாயம் கொஞ்சம் போச்சு. தண்ணி சிவப்பாச்சு. சோப்பு போட்டுக் கும்மினேன், திரும்ப முக்கினேன், திரும்பக் கும்மினேன்.

அன்னக்கொடி அக்கா எட்டிப் பார்த்துச்சு. "யாரு சேலைடீ அது, இந்த அடி அடிக்கிற?"

"என்னுதுதான்க்கா."


பங்குனி 6, வெள்ளி

சேலை காஞ்சிருச்சு. தொட்டில் கட்டினேன். ஏறிப் படுத்தான். எப்பவும் போல ஓரத்தை இழுத்து மூக்கு மேல போட்டுக்கிட்டான். ஏதாச்சும் தேடுவானோன்னு பார்த்தேன். ஒண்ணும் தேடல. அவனுக்குத் தொட்டில்தான் வேணும். வாசம் தேடினது நான்.

தூங்கி எந்திரிச்சான். மூக்குல கொஞ்சம் தண்ணி. நெஞ்சு சுத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன், ஒரு துணியை மட்டும் துவைக்காம வச்சிருந்தேன், பொய் சொல்லிட்டேன்னு. திட்டுவாங்கன்னு நினைச்சேன். பேனாவைக் கீழ வச்சுட்டு, "யாரோட துணி?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். அப்புறம், "காய் சீசன் முடியிற வரைக்கும் பம்ப்பை நிறுத்தாதீங்க. உங்க வேலையையும் முடிஞ்சா மாத்திக்கங்க"ன்னாங்க.

ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துல ஆள் கேக்குறாங்களாம். போய்ப் பார்த்தேன். கூலி கம்மி. வரச் சொல்லிட்டாங்க.


பங்குனி 8, ஞாயிறு

தம்பி வந்தார். பிள்ளை தெருவுல ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கிட்டு ஓடினான். அவர் பார்த்துச் சிரிச்சார். கவுமாரி போனதுக்கு அப்புறம் அவர் பல்லு தெரிஞ்சு இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பு இருக்கிறப்பவே சொல்லிரணும்னு சொன்னேன். இல்லன்னா எப்பவும் சொல்லியிருக்கமாட்டேன்.

எல்லாம் சொன்னேன். அவ கடைசியா கட்டின சேலை, துவைக்காம வச்சிருந்தது, தொட்டில் கட்டினது, டாக்டரம்மாகிட்டச் சொன்ன பொய், கம்பத்துக்கு வச்சுவிட்டது. "உங்க அக்கா வீட்டுல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நான்தான் அனுப்பி வச்சேன். நீங்க பிள்ளையை அங்கயே கொண்டுபோய் விடுறதுன்னாலும் விடுங்க"ன்னு சொன்னேன். எப்படியும் கத்துவார்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அவர் கத்தல.

"அந்த மஞ்சக் கரை சேலையா?"

"ஆமா தம்பி."

"துவைச்சாச்சா?"

தொட்டில்ல தொங்கிக்கிட்டிருந்ததைக் காட்டினேன். அவர் எந்திரிச்சு உள்ள வந்தார். ஒரு வருசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வாசப்படியைத் தாண்டி வந்தார். சேலையை ரெண்டு கையாலயும் அள்ளி மூஞ்சியில வச்சுக்கிட்டார். அப்படியே நின்னார்.

"சோப்பு வாசந்தான் வருது"ன்னார்.

அப்புறம், "என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாம்ல மதினி"ன்னார்.

அவ்வளவுதான். போயிட்டார். பிள்ளைக்குக் கொண்டாந்த ஆரஞ்சுப்பழத்தை உரிக்கவே இல்ல.

பிள்ளைக்குச் செஞ்சதைத்தான் நான் குத்தம்னு நினைச்சு வச்சிருந்தேன். அதுக்குத்தான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன். இந்த மனுசன் கணக்குல நான் அவளை ஒரு வருசம் பெட்டிக்குள்ள பூட்டி வச்சுத் தனியா அனுபவிச்சவ. அவருக்கும் ஒரு வாய் மிச்சம் வைக்காமத் துவைச்சு ஊத்தினவ. ஒரு நாள் கூட எனக்கு இது தோணல. அவர் ஒவ்வொரு வாரமும் வாசல்லயே உட்கார்ந்துட்டுப் போனார். நான் உள்ள பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.


பங்குனி 11, புதன்

போன் இல்ல. இந்நேரம் கம்பத்துல பேசியிருப்பார்.

பிள்ளை நல்லா இருக்கான்.


பங்குனி 13, வெள்ளி

ஏலக்காய் வேலைக்குப் போய்ட்டு வந்தேன். பால்வாடி வாசல்ல பிள்ளை வழக்கம்போலக் குச்சியைத் தேடினான். "வேணாம்டா, வா"ன்னு தூக்கிக்கிட்டேன். நம்பாம என் மூஞ்சியையே பார்த்தான். "ஏலக்காய்க்காரி வர்றா, எல்லாரும் வழி விடுங்கப்பா"ன்னு அன்னக்கொடி அக்கா கேலி பண்ணுச்சு.

அவன் துணியை எல்லாம் மடிச்சுப் பையில எடுத்து வச்சுட்டேன். கேட்டா உடனே குடுக்கணும். அழக் கூடாது.


பங்குனி 15, ஞாயிறு

கவுமாரிக்கு வருசம்.

படையல் சோறு வடிச்சு, அவளுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வச்சு, போட்டோவுக்குப் பூப் போட்டேன். தம்பி வருவாரா மாட்டாரான்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். வெயில் ஏறினதும் ஜீப் சத்தம் கேட்டுச்சு. கையில ஒரு பை. பிள்ளை துணியை எடுத்துட்டுப் போகக் கொண்டாந்ததுன்னு நினைச்சேன். எடுத்து வச்சிருந்த பையைக் கொண்டுவந்து அவர் முன்னால வச்சேன்.

"என்ன இது?"

"அவன் துணி தம்பி. பம்ப்பும் இருக்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தன் பையைத் திறந்தார். புதுச் சேலை. அரக்கு, மஞ்சக் கரை. அதே மாதிரி தேடி அலைஞ்சிருப்பார்போல, கரை கொஞ்சம் அகலம். போட்டோ முன்னால படையல்ல வச்சார். சூடம் காட்டாம வெளக்கு மட்டும் வச்சுக் கும்பிட்டோம். புகை ஆகாதில்ல.

படையல் சேலையைக் கூடப் பொறந்தவதான் கட்டிக்கணும். எடுத்து என் கையில குடுத்தார்.

"கட்டிக்கங்க மதினி. பஞ்சுக் கொட்டகைக்கு மட்டும் இதைக் கட்டிட்டுப் போயிராதீங்க. அவனைத் தூக்குற சேலை."

சேலையை வாங்கிக்கிட்டேன். உள்ள போயிட்டேன்.

உள்ள போனதும் நேராத் தகரப் பெட்டியைத்தான் திறந்தேன். அடியில அந்தக் கவர் இருந்துச்சு. ஜாக்கெட்டு. சேலையைத் துவைச்ச அன்னைக்கு இதையும் எடுத்தேன். எடுத்துட்டுத் திரும்ப வச்சுட்டேன். அதைக் கூட இந்த நோட்டுல எழுதல பாருங்க. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு ஒளிச்சு வச்சேன், நோட்டுக்கிட்ட இருந்தும்.

முடிச்சை அவுக்கல. அப்படியே கொண்டுபோய்க் குடுத்தேன்.

"இது துவைக்கல தம்பி."

அவருக்கு முதல்ல புரியல. கவருக்குள்ள மங்கலா அரக்குக் கலர் தெரிஞ்சதும் புரிஞ்சுபோச்சு.

"பிள்ளை பக்கத்துல அவுக்காதீங்க. பஞ்சு இருக்கும். ரூமுல வச்சுக்கங்க. பார்த்துட்டு உடனே கட்டிருங்க, இல்லன்னா..."

"தெரியும் மதினி"ன்னார்.

ஜீப்புக்குப் போனார். ஏறி உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் தார்ப்பாயை இழுத்து விட்டுக்கிட்டார். உச்சி வெயில். வண்டி கெளம்பல. நான் அங்க பார்க்கல. உள்ள வந்து தொட்டில்ல கெடந்த பிள்ளை நெஞ்சுல காதை வச்சேன்.

மூச்சு வருது, போகுது. ஒரு சத்தமும் இல்ல.

ஜீப்பு ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுச்சு.